முனியாண்டிக்கு ஒரு கோப்பி ஓ

1

சென்ற வாரம் எங்கள் தெருமுனைச் சீனர் கடையில் ஒரு பெரிய போத்தல் ஸ்டவுட் கேட்டேன். ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: போத்தல் என்றால் பாட்டில், ஸ்டவுட் என்றால் கறுப்பு பீர். புதுக்கோட்டையில் ஒரு பொம்பளை கடை வாசலில் நின்று இப்படிக் கேட்டால் மறுநாள் ஊரே பேசும். ஈப்போவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அன்றைக்குக் கடைக்காரர் பார்த்தார்.

அவரைத் தௌகே என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம், முதலாளி என்று அர்த்தம். ரப்பர்த் தோட்டத்துக் கடையில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். மரியாதை விகுதிகள் மட்டும் அவர் தமிழில் கிடையாது.

"அக்கா, அண்ணே திரும்ப குடிக்கிறானா?" என்றார், என் கணவரை மனதில் வைத்து.

"இல்ல தௌகே. சாமிக்கு. வர்ற ஞாயிறு தோட்டத்துல திருவிழா."

"சாமி குடிச்சிட்டு மிச்சம் வைக்கிறான் இல்ல? அந்த மிச்சம் யாரு குடிக்கிறான்?"

எனக்குச் சுருக்கென்றது. வெடுக்கென்று ஏதாவது சொல்லியிருப்பேன், நாக்கு அப்படிப்பட்டது. ஆனால் அந்தக் கேள்வியைத்தான் ஒரு மாதமாக நானே எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். கடை வாசலில் ஒரு சின்னச் சிவப்புக் கோயில் இருக்கிறது, சீனர்கள் டத்தோ என்று கும்பிடும் காவல் தெய்வத்துக்கு. அதன் முன்னால் ஒரு கண்ணாடித் தம்ளரில் பால் இல்லாத கறுப்புக் காப்பி, இங்கே அதற்குக் கோப்பி ஓ என்று பெயர். தௌகே அதைக் காட்டி, "எங்க டத்தோ இதுதான் குடிக்கிறான். காலையில ஒண்ணு. சண்டை ஒண்ணும் இல்ல" என்றார்.

ஸ்டவுட்டை வாங்காமல் உப்பும் கடுகும் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

2

என் கணவர் குணா பிறந்தது ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில். தோட்டம் என்றதும் நீங்கள் மாந்தோப்பை நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். இது ரப்பர் எஸ்டேட். இவர்கள் அதைக் கித்தாத் தோட்டம் என்பார்கள். இப்போது கித்தாவும் இல்லை. எல்லாம் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தாகிவிட்டது. சடக்கு ஓரத்தில், அதாவது சாலை ஓரத்தில், பெரிய மரத்தடியில் முனியாண்டி கோயில் மட்டும் நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு ஞாயிறு, அங்கே பிறந்தவர்கள் ஈப்போவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்து கூடுகிறார்கள்.

அந்தத் திருவிழாவில் போத்தல் படைப்பது குணாவின் குடும்பத்துக்கு உள்ள உரிமை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஆண்டு மாற்றி ஆண்டு வைப்பார்கள். சுருட்டு, கோழி, ஸ்டவுட். பூசை முடிந்ததும் வைத்தவர்தான் முதல் வாய் குடிக்க வேண்டும். பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். சாமி குடித்த மிச்சத்தைத் தட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பிக்கை. இந்த ஆண்டு முறை குணாவுடையது. குடியை விட்டு இன்னும் ஒரு வருஷம் ஆகாத மனுஷன்.

எங்கள் ஊர்க் கருப்பருக்கும் சாராயம் வைப்போமே, அதனால் இந்தப் பழக்கம் எனக்குப் புதிதில்லை. புதிதாக இருந்தது மற்றதெல்லாம். கல்யாணமாகி வந்த புதிதில் "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டால் என்னை ஏதோ பஞ்சத்தில் அடிபட்டவள் மாதிரி கேட்கிறார்களே என்று முகம் சுண்டிப்போகும். சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். காருக்குக் காடி. எந்தப் பேச்சின் வாலிலும் ஒரு 'லா'. ஊரில் கணவரின் அண்ணன் முன்னால் நிமிர்ந்து நிற்கக் கூசுவோம், இங்கே மூத்தாரை நானும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறேன். விசாவுக்காகக் குடிநுழைவு அலுவலகத்தில் நம்பர் சீட்டோடு உட்கார்ந்து உட்கார்ந்தே பாதி மலாய் கற்றேன். நம்பர் கூப்பிடும்போது புரியாமல் ஒருமுறை விட்டுவிட்டேன், அன்றைக்குப் பூராவும் மறுபடி வரிசை. குணா வெளியே போய் ஒரு பொட்டலம் நாசி லெமாக் வாங்கி வந்து, "இந்தா, அழுவாத. இந்த நாட்டுல எல்லாரும் முதல்ல இந்த பெஞ்சிலதான் உட்கார்ந்தோம்" என்றார். அந்தத் தேங்காய்ச் சோற்றின் வாசம் இன்னும் எனக்குக் கல்யாண வாசம்தான்.

அந்தக் காலத்துக் குணாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கேமரன் மலையிலிருந்து காய்கறி லாரி ஓட்டி வருவார். சிம்பாங் பூலாய் மலை இறக்கத்தில் பிடித்த பிரேக் சூட்டு வாடையோடு வீட்டுக்குள் நுழைவார். மகள் தர்ஷினியைப் பாசார் மாலாமுக்கு, அதுதான் இரவுச் சந்தைக்கு, கைபிடித்துக் கூட்டிப் போவார். அவள் ஒரு கையில் சோளம், இன்னொரு கை அப்பாவிடம். மூக்கு ஒழுகினால்கூட எந்தக் கையை விடுவது என்று யோசிப்பாள். நான் பின்னால் பைகளைச் சுமந்துகொண்டு திட்டியபடியே போவேன். வீட்டை நினைத்து ஏங்குகிறேன் என்று எழுதினால் புதுக்கோட்டைக்கு என்று நினைத்துக்கொள்கிறீர்கள். உண்மையில் நான் அதிகம் ஏங்குவது அந்தச் சந்தைத் தெருவுக்கு.

3

பிறகு ஒரு மழை நாளில் மலைச் சடக்கில் மண் சரிந்தது. இவர் லாரிக்கு முன்னால் போன ஒரு காடி மாட்டிக்கொண்டது. உதவிக்கு முதலில் ஓடியது இவர். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உடம்பெல்லாம் சேறோடு வந்தார், குளித்தார், சாப்பிடாமல் உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று கேட்டதற்கு "ஒண்ணும் இல்ல" என்றார். அந்த ஒண்ணும் இல்லை பல வருஷம் எங்கள் வீட்டில் குடியிருந்தது.

முன்பெல்லாம் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் ஒரு போத்தல், அவ்வளவுதான். அதன் பிறகு தூங்குவதற்காகக் குடித்தார். பிறகு எழுந்திருப்பதற்காகவும். மழை பெய்தால் குடித்தார், ஈப்போவில் மழை பெய்யாத நாளைத் தேடிப் பிடிக்க வேண்டும். லாரி வேலை போய், ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போனார். தர்ஷினியோடு வெளியே போனால் இரண்டு கையையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பார். அவள் ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தால் உதறிவிடுவார். "அப்பாவுக்கு என்னைப் பிடிக்காது மா" என்று அவள் முதலில் அழுதபடி சொன்னாள். வளர்ந்தபின் அழாமல் சொன்னாள். இப்போது காம்பாரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகிற தூரம்கூட இல்லை. ஆனால் ஆடிக்கு ஒருமுறை அமாவாசைக்கு ஒருமுறைதான் வருவாள். கடைசியாகப் போகும்போது, "அப்பா குடிச்சத இன்னொரு தடவ பார்த்தேன்னா நான் வீட்டுக்கே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். சாதாரணமாகச் சொன்னாள்.

ஊரில் என் சித்தப்பா குடித்தார். கோயிலுக்குக் கூட்டிப்போய் சத்தியம் வாங்கிக் கையில் கயிறு கட்டினோம். அவர் சாயங்காலம் கயிற்றைப் பக்குவமாகக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்க் குடித்துவிட்டு, வந்து திரும்பக் கட்டிக்கொள்வார். நாங்கள் சிரித்தோம். அவருக்குள்ளே என்ன கிடந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் 'அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று எழுதியிருக்குமே, அந்தப் பொடியை வாங்கி அனுப்பட்டுமா என்று என் தம்பி போனில் கேட்டான். "தெரியாம குடுக்கறதுக்கு இது என்ன வசிய மருந்தாடா" என்று கத்தினேன்.

கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குத்தான் போனோம். அதற்கு முன்னால் ஓர் இடத்தில், முதலில் குடியை நிறுத்துங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். நிறுத்தினால் கனவு வந்தது, கனவு வந்தால் குடித்தார். பழைய குருடி கதவைத் திறடி. இங்கே டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், குடியும் அந்த விபத்தின் காயமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்றார். திடீரென்று வீட்டிலேயே நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம் என்று வார்டில் படுக்க வைத்து நிறுத்தினார்கள். பிறகு குடி ஆசையைக் குறைக்க ஒரு மாத்திரை, பதற்றத்துக்கு ஒன்று, கெட்ட கனவுக்குப் படுக்கும்போது ஒரு கூட்டு மாத்திரை. நம் ஊரில் கேப்சூல் என்போமே, அது.

மருந்தோடு பேச்சும் உண்டு. வாரம் ஒருமுறை ஓர் ஆலோசகர் முன் உட்கார்ந்து விபத்தன்று நடந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். சொன்னதையே மறுபடி சொல்ல வேண்டும். அதைப் போனில் பதிந்து கொடுப்பார்கள், வீட்டில் தினம் கேட்க வேண்டும். குணா வாசலில் நிற்கும் காடிக்குள் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்பார். கண்ணாடி வழியாகப் பார்ப்பேன், சட்டை நனைந்திருக்கும். சித்திரவதை என்றுதான் தோன்றியது. ஆனால் மாதங்கள் போகப் போக, கேட்டுவிட்டு வந்து சோறு கேட்டார். ஒருநாள் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய் வந்தார். நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

அந்த ஆலோசகருக்குத் தமிழ் தெரியாது. மலாயில்தான் சொல்கிறார். "எனக்கும் சொல்லுங்களேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"மலாய்ல சொன்னா கொஞ்சம் தூரத்துல இருக்கு, செல்வி. தமிழ்ல வாயே தொறக்க மாட்டேங்குது. பொறு லா."

பொறுத்தேன்.

4

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த மனுஷன் திருவிழாவுக்காக விரதம் தொடங்கிய பிறகு மாறிவிட்டார். விடிந்து பார்த்தால் தலையணை ஈரம், படுக்கையை விட்டுத் தரையில் சுருண்டு கிடந்தார். கண் சிவந்திருந்தது. கோப்பி கொடுக்கிற சாக்கில் கிட்டே போய் மோந்து பார்த்தேன். பழைய வேலை, மூக்கு மறக்கவில்லை. வாடை இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பசியாறும்போது நேராகவே கேட்டுவிட்டேன். "குடிக்கிறீங்களா?"

"சாமி மேல சத்தியமா இல்ல."

"அப்புறம் என்ன இது கோலம்?"

ரொட்டியைப் பிய்த்தார், வாயில் வைக்கவில்லை. "ராத்திரி மருந்து எடுக்கல."

"ஏன்?"

"அந்தக் கூடு மாட்டுல செஞ்சது லா. அண்ணேதான் சொன்னாரு. இங்க ஹலால்னு போடணும்னா பன்னி கூடாது, அப்ப மாடுதானே? விரதத்துல கோழியே தொடாம இருந்துட்டு மாட்டை எப்படி முழுங்குறது?"

"மத்த மாத்திரை?"

"அது வட்டமா இருக்கே. அதுல கூடு இல்ல. அது போடுறேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. ஸ்டவுட் கேட்கிற சாமிக்காக மாட்டுக் கூட்டை விட்ட மகாபக்தன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் கேலி வரவில்லை. குடிக்காமல், மருந்தும் இல்லாமல், அந்தக் கனவையெல்லாம் சும்மா பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருக்கிறார். அவரை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருந்தது. கோபமாகவும் இருந்தது.

அன்றைக்கே கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் சிரிக்கவில்லை. நோன்பு மாதத்தில் தன் முஸ்லிம் நோயாளிகள் பாதிப் பேர் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்றும், அதனால் அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவதாகவும் சொன்னார். "உங்களிடமும் கேட்டிருக்க வேண்டும்" என்றார். மருந்தகத்துக்குப் போன் போட்டு, அதே மருந்து கூடு இல்லாத மாத்திரையாகக் கிடைக்குமா என்று கேட்டார். கிடைத்தது. இடையில் விட்டதால் முதலிலிருந்து குறைந்த அளவில்தான் தொடங்க வேண்டும், படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்று எச்சரித்தார். இவ்வளவுதான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

கிளம்பும்போது போத்தல் விஷயத்தை நானே உடைத்தேன். டாக்டர் குணாவைப் பார்த்தார். ஆசையைக் குறைக்கிற மாத்திரை உதவி செய்யும், ஆனால் அது வேலி இல்லை என்றார். அந்தப் போத்தலை எப்படிச் சமாளிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். குணா, "வைப்பேன். குடிக்க மாட்டேன்" என்றார். அவர் குரல் எனக்கே நம்பிக்கை தரவில்லை. வீட்டுக்கு வந்து தௌகேயின் டத்தோவைப் பற்றிச் சொன்னேன். குணா, "முனியாண்டி கோவிச்சுக்குவாரா?" என்று கேட்டார்.

"கோவிச்சா என்கிட்ட வரச் சொல்லுங்க" என்றேன்.

5

தர்ஷினி வந்தாள். கூப்பிட்டதற்கு, "பார்க்கிறேன் மா" என்றுதான் சொல்லியிருந்தாள். காம்பாரிலிருந்து தோழியின் காடியை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டு நேராகக் கோயிலுக்கே வந்துவிட்டாள். சடக்கின் எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு வந்து, அப்பாவைத் தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கால் தடுமாறுகிறதா என்று பார்க்கிற பார்வை.

குணா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தார். இங்கே கடைகளில் கோப்பியைப் பையில் ஊற்றிக் கயிறு கட்டித் தருவார்கள். அதை அவிழ்த்து ஒரு மங்கில், அதாவது பீங்கான் கோப்பையில், ஊற்றினார். மூத்தார் எட்டிப் பார்த்தார்.

"என்னாடா இது?"

"கோப்பி ஓ, அண்ணே."

"முனியாண்டி என்னா ஆபீஸ் கிராணியா, காலையில கோப்பி குடிக்க? தாத்தா காலத்துல இருந்து வைக்கிறது. நம்ம குடும்பத்துக்கு என்னா ஆவுறது?" கிராணி என்றால் குமாஸ்தா.

நான்தான் வாயைத் திறந்தேன். "அண்ணே, தாத்தா காலத்துல ஸ்டவுட்டா வச்சாங்க?"

"அப்ப கள்ளு. தோட்டத்துல கள்ளுக்கடை இருந்திச்சு."

"கடைய மூடுன பிறகு?"

"ஸ்டவுட் வச்சோம்."

"அப்ப சாமி கோவிச்சாரா? ஒரு தடவ மாத்திக்கிட்ட சாமி இன்னொரு தடவ மாத்திக்க மாட்டாரா? உங்க தம்பி பொழைக்கணும்ணே."

மூத்தார் என்னை முறைத்தார். பிறகு தம்பியின் கையைப் பார்த்தார். அது கோப்பியை இறுகப் பிடித்திருந்தது. "சரி வை. சாமி கேட்டாருன்னா ஸ்டவுட் என் வண்டியில இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்து நின்றார். அந்த மனுஷனை நான் இத்தனை வருஷம் கல்நெஞ்சன் என்றே நினைத்திருந்தேன்.

பூசாரி சூடம் காட்டினார். பூசை முடிந்ததும் கூட்டம் சோற்றுப் பந்தல் பக்கம் போய்விட்டது. குணா கோப்பியை எடுத்து முதல் வாய் குடித்தார். எனக்கு ஒரு வாய் தந்தார். தர்ஷினியிடம் நீட்டினார். கோப்பியே தொடாத பிள்ளை, வாங்கிக் குடித்தாள். முடிந்தது, கிளம்பலாம் என்று நான் பையை எடுத்தேன். அவர் கிளம்பவில்லை. முனியாண்டியைப் பார்த்தபடி நின்றார். தோட்டத்து ஆட்கள் முனியாண்டியிடம் வாய்விட்டுத்தான் பேசுவார்கள், மனசுக்குள் வேண்டுகிற வழக்கம் கிடையாது. அப்படித்தான் பேசினார். தமிழில் பேசினார்.

"முனியாண்டி, நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு மலை சரிஞ்சிச்சுல்ல, காடி பாதி மண்ணுக்குள்ள போயிடிச்சு. முன்னாடி இருந்தவங்க அப்பவே இல்ல. பின்னாடி ஒரு பொம்பளப் பிள்ளை. கண்ணாடி வழியா கை மட்டும் வெளிய வந்திச்சு. என் மக வயசு. சின்னக் கை. நான் புடிச்சிக்கிட்டேன். 'விட்றாதீங்க அங்கிள்'னு தமிழ்ல சொன்னிச்சு. விடலப்பா. மழையில அப்படியே படுத்துக்கிட்டு பேசிக்கிட்டே இருந்தேன். பள்ளிக்கூடத்தப் பத்திக் கேட்டேன். முதல்ல பதில் சொன்னிச்சு. அப்புறம் கையை அமுக்கிச்சு. அப்புறம் அதுவும் இல்ல. ஆளுங்க வந்து என் விரலப் பிரிச்சிதான் எடுத்தாங்க. அதுக்கப்புறம் எந்தப் பிள்ளை கையத் தொட்டாலும் எனக்கு ஜில்லுன்னு இருக்கு. என் பிள்ளை கையும் அப்படித்தான் இருந்திச்சு. பயந்துட்டேன். வேற ஒண்ணும் இல்ல. பிடிக்காம இல்ல."

அவர் தர்ஷினியைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் சமைத்துப் போட்டிருக்கிறேன், இது எதுவும் எனக்குத் தெரியாது.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். தர்ஷினியின் காடி எதிர்ப்பக்கம் நின்றது. அந்தச் சடக்கில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் கண்மூடித்தனமாக வரும். ஓரத்தில் நின்றோம். ஒரு லாரி போனது, இன்னொன்றும் போனது. குணா பாக்கெட்டிலிருந்து இடது கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்தார். பக்கவாட்டில் நீட்டினார். வளர்ந்த பெண், அவரைவிட அரை விரல் உயரம், ஒரு நிமிஷம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

இருவரும் கடந்தார்கள். நான் பின்னால் பைகளைச் சுமந்துகொண்டு போனேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் விடவில்லை.

"அடுத்த சனிக்கிழமை வாரேன் பா" என்றாள்.

"வா."

அப்போதும் விடவில்லை. அவள் இடக்கையால் பைக்குள் துழாவிச் சாவியை எடுத்து, இடக்கையாலேயே காடிக் கதவைத் திறந்தாள்.